சுபாஷ் முகோபாத்யாய்

சுபாஷ் முகோபாத்யாய் (ஜனவரி 16, 1931 - ஜூன் 19, 1981) வங்காளத்தைச் சேர்ந்த மருத்துவரும் உடலியங்கியல் அறிஞரும் ஆவார். சுபாஷ் முகர்ஜி என்றும் அழைக்கப்படுகிறார். இந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை இவரது முயற்சியால் 1978 ஆம் ஆண்டு அக்டோபர் 3 ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தது. உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தையான லூயிஸ் பிரவுன் அதே ஆண்டு ஜூலை 25 அன்று இங்கிலாந்தில் பிறந்தார். இரண்டு பிறப்புகளுக்கும் இடையே 67 நாட்கள் எனப் பல நூல்களில் காணப்படுகிறது. எண்ணிப் பார்த்தால் 70 நாட்கள், அதாவது சரியாகப் பத்து வாரங்கள் வரும்.

வாழ்ந்த காலத்தில் இவருடைய கூற்று ஏற்கப்படவில்லை. மாநில அரசு அமைத்த விசாரணைக் குழு அதனை நம்பத்தகாதது என ஒதுக்கியது. இவர் இறந்து 16 ஆண்டுகள் கழித்து, அவ்வரிசையில் தாமே முதலிடம் பெற்றிருந்த மற்றோர் அறிவியலாளர் இவரது கையெழுத்துக் குறிப்புகளைப் படித்து, அந்த இடம் இவருக்கே உரியது என எழுதினார். அதன் பின்னரே இவரது பணி பரவலாக அறியப்பட்டது.

இளமையும் கல்வியும்

முகோபாத்யாய் ஹசாரிபாக் நகரில் பிறந்தார். அன்று பீகாரில் இருந்த இவ்வூர் இன்று ஜார்க்கண்ட் மாநிலத்தில் உள்ளது. கல்கத்தா மாநிலக் கல்லூரியில் உடலியங்கியலைச் சிறப்புப் பாடமாகப் பயின்றபின், கல்கத்தா தேசிய மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1955 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். மருத்துவராகத் தொழில் நடத்துவதைவிட ஆய்வுக்கூடமே இவரை ஈர்த்தது. 1958 இல் பேராசிரியர் சச்சிதானந்த பானர்ஜியின் வழிகாட்டலில் இனப்பெருக்க உடலியங்கியலில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்டத்தைப் பெற்றார்.

பின்னர் ஸ்காட்லாந்து சென்று எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஜான் லோரெய்ன் என்பவரிடம் ஆய்வு மேற்கொண்டார். சினைப்பையிலிருந்து முட்டை வெளிப்படக் காரணமான லூட்டினாக்க ஹார்மோனை அளந்தறியும் முறையொன்றை உருவாக்கியது இவரது ஆய்வின் மையம். அக்காலத்தில் இத்தகைய ஹார்மோன்களை விலங்குகளின் உடலில் செலுத்தி, அங்கு உண்டாகும் மாற்றத்தைக் கொண்டே அளவிட்டனர். மிகுந்த பொறுமை வேண்டும் வேலை அது. 1967 இல் இரண்டாவது முனைவர் பட்டத்துடன் இவர் தாயகம் திரும்பினார்.

எடின்பரோ இத்துறைக்குப் புதிய ஊர் அன்று. லூயிஸ் பிரவுனின் பிறப்புக்குக் காரணமான ராபர்ட் எட்வர்ட்ஸ் 1955 இல் முனைவர் பட்டம் பெற்றதும் அதே பல்கலைக்கழகத்தில்தான். 1978 இல் ஒரே இலக்கை வெவ்வேறு வழிகளில் எட்டிய இருவரும் ஒரே பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

கல்கத்தாவில் ஆய்வுகள்

நாடு திரும்பிய முகோபாத்யாய், கல்கத்தாவின் நீல் ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் துறையில் பணியாற்றினார். பின்னர் அங்கிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள பாங்குரா சம்மிலனி மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். அரசுக் கல்லூரி ஆசிரியர் என்பதால் இடமாற்றம், விடுப்பு, வெளிநாட்டுப் பயணம் ஆகிய எல்லாவற்றுக்கும் மாநிலச் சுகாதாரத் துறையின் ஆணையை எதிர்பார்க்க வேண்டிய நிலையில் இருந்தார். பிற்காலத்தில் இவருக்கு நேர்ந்தவற்றைப் புரிந்துகொள்ள இந்நிலையை மனத்திற் கொள்வது அவசியம்.

இவருடன் இருவர் இணைந்து உழைத்தனர். ஒருவர் உறைகுளிரியல் அறிஞரான சுனித் முகர்ஜி. மற்றவர் மகப்பேறு மருத்துவர் சரோஜ் காந்தி பட்டாச்சார்யா. ஹார்மோன்களை அறிந்தவர், உயிரணுக்களை உறையவைக்க அறிந்தவர், அறுவை அறிந்தவர் என மூவரும் ஒருவரையொருவர் நிறைவு செய்தனர். வெளிநாட்டு நிதியோ தனி ஆய்வு நிறுவனமோ இவர்களுக்கு இருக்கவில்லை.

பின்னணி: உறைந்த விந்தணுவும் விந்துக் கொடையும்

முகோபாத்யாய் பயன்படுத்திய உறைகுளிர் முறை கருக்களுக்காகப் பிறந்ததன்று. அதன் வேர் விந்தணுக்களைப் பற்றிய ஆய்வில் உள்ளது.

ஆணிடம் விந்தணு இல்லாதபோது வேறொருவரின் விந்தைக் கொண்டு கருத்தரிக்கச் செய்யும் முறை 19 ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. 1884 இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் வில்லியம் பான்கோஸ்ட் என்னும் மருத்துவர், மயக்கநிலையில் இருந்த ஒரு பெண்ணுக்கு மருத்துவ மாணவர் ஒருவரின் விந்தைச் செலுத்தினார். அப்பெண்ணுக்கு ஒரு மகன் பிறந்தான். கணவருக்குப் பின்னர் உண்மை சொல்லப்பட்டது. அப்பெண்ணுக்குச் சொல்லப்படவேயில்லை. அன்று உடனிருந்த மாணவர்களுள் ஒருவர் 1909 இல் எழுதிய பின்னரே செய்தி வெளியாயிற்று. இன்றைய நெறிப்படி இது மருத்துவம் அன்று, குற்றம். ஆயினும் இத்துறையின் வரலாறு மறைப்பிலேயே தொடங்கியது என்பதற்கு இந்நிகழ்வு சான்றாகும்.

1945 இல் இலண்டனைச் சேர்ந்த மேரி பார்ட்டன் என்னும் பெண் மருத்துவர், கொடை விந்தின் மூலம் தாம் அளித்த சிகிச்சையைப் பற்றி மருத்துவ இதழொன்றில் வெளிப்படையாகக் கட்டுரை எழுதினார். பெரும் எதிர்ப்பு எழுந்தது. கேன்டர்பரி பேராயர் அமைத்த குழு இதனைக் குற்றமாக்க வேண்டுமென 1948 இல் பரிந்துரைத்தது. இச்சிகிச்சைகளின் பதிவேடுகள் பின்னர் அழிக்கப்பட்டன. பார்ட்டனின் கணவரும், எடின்பரோவில் முன்பு பணியாற்றிய உடலியங்கியலாளருமான பெர்த்தோல்ட் வீஸ்னர் என்பவரே அக்கொடையாளர்களில் முதன்மையானவர் என்பது அரை நூற்றாண்டுக்குப் பிறகு மரபணுச் சோதனைகளால் தெரியவந்தது. தந்தையைத் தேடிய பிள்ளைகளுக்குத் தாளில் ஒன்றும் கிடைக்கவில்லை. தங்கள் இரத்தத்திலேயே விடையைத் தேட வேண்டியதாயிற்று.

1949 இல் இங்கிலாந்தின் மில் ஹில் ஆய்வுக்கூடத்தில் கிறிஸ்டோபர் போல்ஜ், ஆட்ரி ஸ்மித், ஆலன் பார்க்ஸ் ஆகியோர், கிளிசரால் கலந்து உறையவைத்தால் விந்தணுக்கள் உருகியபின்னும் உயிருடன் இருப்பதைக் கண்டறிந்தனர். உயிரணுவிலுள்ள நீர் கூரிய பனிப்படிகங்களாக மாறி அதனைச் சிதைத்துவிடாதபடி இத்தகைய பொருட்கள் காக்கின்றன. 1953 இல் அமெரிக்காவின் அயோவாவில் பஞ்ச், ஷெர்மன் என்னும் இருவர், உறையவைத்து உருக்கிய மனித விந்தணுவால் கருத்தரிப்பு நிகழ்ந்ததை அறிவித்தனர். விந்து வங்கி என்னும் அமைப்புக்கு அடித்தளம் இதுவே. கொடையாளரும் பெறுநரும் ஒரே நாளில் ஒரே ஊரில் இருக்க வேண்டிய தேவை அற்றுப்போனது.

அடுத்த படி கருவை உறையவைத்தல். 1972 இல் எலியின் கருக்கள் உறையவைக்கப்பட்டு, உருக்கப்பட்டு, குட்டிகளாகப் பிறந்தன. அடுத்த ஆண்டு உறைந்த கருவிலிருந்து ஒரு கன்று பிறந்தது. மனிதக் கருவில் யாரும் வெற்றி கண்டிராத நிலையில்தான் கல்கத்தாக் குழு வேலையைத் தொடங்கியது.

துர்காவின் பிறப்பு

முகோபாத்யாயிடம் சிகிச்சைக்கு வந்த தம்பதியரில் மனைவிக்குக் கருமுட்டைக் குழாய்கள் அடைபட்டிருந்தன. சூலகத்தில் முட்டை முதிர்ந்தாலும் அது விந்தணுவைச் சந்திக்க வழியில்லை. ஆகவே முட்டையை வெளியே எடுத்து, ஆய்வுக்கூடத்தில் கணவரின் விந்தணுவுடன் சேர்த்து, உண்டான கருவைக் கருப்பையில் வைப்பது என முடிவாயிற்று. இதுவரையில் இவர் செய்ததும் எட்வர்ட்ஸ், பாட்ரிக் ஸ்டெப்டோ ஆகியோர் செய்ததும் ஒன்றே. வேறுபாடு வழிமுறையில் இருந்தது.

எட்வர்ட்ஸ் குழுவினர் முதலில் ஹார்மோன் மருந்துகளால் சூலகத்தைத் தூண்டிப் பார்த்து, கருத்தரிப்பு நிலைக்காததால் அதனைக் கைவிட்டனர். லூயிஸ் பிரவுனின் பிறப்புக்கு, இயற்கையான மாதச் சுழற்சியில் முதிரும் ஒரே முட்டையை நம்பினர். அந்த ஒரு முட்டையை எடுக்க, வயிற்றில் சிறு துளையிட்டு நோக்கும் லேப்பராஸ்கோப் என்னும் கருவி தேவைப்பட்டது.

முகோபாத்யாய், மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுக்கப்படும் கொனடோட்ரோபின் என்னும் ஹார்மோனைச் செலுத்திச் சூலகத்தைத் தூண்டினார். ஒரே சுழற்சியில் ஐந்து முட்டைகள் கிடைத்தன. அவற்றை எடுக்க லேப்பராஸ்கோப்பை நாடாமல், யோனியின் மேற்பகுதியில் சிறு கீறல் செய்து அதன் வழியே சூலகத்தை அணுகினர். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை.

சூலகத்தைத் தூண்டிய சுழற்சியில் கருப்பையின் உட்சுவரும் மாறுதலடைந்து, கருவை ஏற்கும் தகுதி குறையும் என்பது இவரது கருத்து. இங்கிலாந்துக் குழுவைத் தடுத்து நிறுத்திய சிக்கலும் ஏறத்தாழ இதுவே. அவர்கள் மருந்தைக் கைவிட்டனர். இவர் கருவைக் காத்திருக்க வைத்தார். எட்டு உயிரணுக்கள் கொண்ட நிலைக்கு வளர்ந்த கருவை டைமெத்தில் சல்பாக்சைடு என்னும் பொருளின் துணையுடன் உறையவைத்து, 53 நாட்கள் கழித்து உருக்கி, மருந்தின் பாதிப்பு நீங்கிய மற்றொரு சுழற்சியில் தாயின் கருப்பையில் வைத்தனர். கரு தங்கியது.

செப்டம்பர் மாத இறுதியில் பெய்த பெருமழையால் கல்கத்தா வெள்ளத்தில் மூழ்கி, மெல்ல மீண்டுகொண்டிருந்த நாட்களில், அக்டோபர் 3 அன்று பெண் குழந்தை பிறந்தது. துர்கா பூசைக் காலம் என்பதால் துர்கா என்னும் பெயரால் அக்குழந்தை அறியப்பட்டது.

இம்முறையின் மூன்று கூறுகளும் பின்னாளில் உலகெங்கும் வழக்காயின. ஹார்மோனால் தூண்டிப் பல முட்டைகளைப் பெறுவது 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வெற்றி கண்டு, பின் எங்கும் பரவியது. யோனி வழியே முட்டை எடுப்பதும், அல்ட்ராசவுண்ட் துணையுடன் ஊசி மூலம் செய்யப்படும் வடிவில், பொது முறையாயிற்று. உறைந்த கருவிலிருந்து பிறந்த முதல் குழந்தை எனப் பொதுவாக ஏற்கப்படுவது 1984 இல் ஆஸ்திரேலியாவில் பிறந்த பெண் குழந்தையாகும். துர்கா பிறந்து அப்போது ஐந்தரை ஆண்டுகள் ஆகியிருந்தன.

விசாரணைக் குழு

செய்தி நாளிதழ்களில் வெளியானதும் பாராட்டைவிட ஐயமே மிகுதியாக எழுந்தது. 1978 நவம்பரில் மேற்கு வங்காள அரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. குழுவின் தலைவர் வானொலி இயற்பியல் துறையைச் சார்ந்தவர். மனிதக் கருவை ஆய்வுக்கூடத்தில் வளர்த்தோ உறையவைத்தோ பழகிய எவரும் அக்குழுவில் இல்லை. அன்றைய இந்தியாவில் அத்தகையோர் முகோபாத்யாயின் குழுவினரைத் தவிர வேறு யாரும் இருந்திருக்க முடியாது என்பதும் உண்மையே. குழு இவரது கூற்றை நம்பத்தகாதது என முடிவு செய்தது.

இங்கிலாந்தில் நடந்ததை இதனுடன் ஒப்பிட்டுப் பார்ப்பது பயன்தரும். எட்வர்ட்ஸுக்கும் எதிர்ப்பு இருந்தது. பிரித்தானிய மருத்துவ ஆய்வுக் கழகம் 1971 இல் அவருக்கு நிதி மறுத்தது. ஆனால் அவர்களிடம் சான்று இருந்தது. லூயிஸ் பிரவுனின் பெற்றோர் தங்கள் கதையை நாளிதழுக்குத் தர இசைந்தனர். அறுவை மூலம் குழந்தை எடுக்கப்பட்டது படமாக்கப்பட்டது. தாய்க்குக் கருமுட்டைக் குழாய்கள் இல்லை என்பதும் அதில் பதிவாயிற்று. ஆய்வு முடிவைப் பொறுத்தவரை அவர்கள் முதலில் வெளியிட்டதும், லேன்செட் இதழின் 1978 ஆகஸ்ட் 12 வெளியீட்டில் வந்த ஒரு சிறு கடிதம் மட்டுமே. விரிவான விளக்கம் பின்னரே வந்தது.

முகோபாத்யாய் குழுவினரும் இந்தியக் குளிரியல் இதழில் 1978 இல் ஒரு சிறு குறிப்பை வெளியிட்டனர். அதே ஆண்டு புதுதில்லியில் நடந்த ஸ்டீராய்டு ஹார்மோன்கள் பற்றிய பன்னாட்டு மாநாட்டிலும் தம் பணியை எடுத்துரைத்தனர். ஆயினும் விரிவான ஆய்வுக் கட்டுரை இறுதிவரை வெளிவரவில்லை. இது இவரது தரப்பின் குறையே. மற்றொன்றையும் சொல்ல வேண்டும். குழந்தையின் பெற்றோர் பழமைப் பற்றுள்ள குடும்பத்தினர். மகளின் பிறப்பு ஊரார் வாயில் விழுவதை அவர்கள் விரும்பவில்லை. அவர்கள் முன்வந்து பேசியிருந்தால் பல ஐயங்கள் தீர்ந்திருக்கும். தம்மை நம்பி வந்த குடும்பத்தின் மறைவைக் காப்பதும் மருத்துவரின் கடமையாதலால், மிகச் சிறந்த சான்றை வெளியே கொண்டுவர இவரால் இயலவில்லை.

1979 இல் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்திலிருந்து தம் பணியை விளக்க இவருக்கு அழைப்பு வந்தது. செல்ல அரசு அனுமதி தரவில்லை. தம் துறையை அறிந்தவர்கள் முன் நின்று கேள்விகளுக்கு விடையளிக்கும் வாய்ப்பு இவ்வாறு கைநழுவியது. உள்ளூரில் கேட்டவர்களுக்குத் துறை தெரியாது. துறை தெரிந்தவர்களிடம் போக வழியில்லை.

இறுதி நாட்கள்

இதன்பின் இவருக்கு இதயநோய் கண்டது. 1981 ஜூன் மாதத் தொடக்கத்தில் கல்கத்தாவிலுள்ள வட்டாரக் கண் மருத்துவ நிறுவனத்தில் மின் உடலியங்கியல் பேராசிரியராக இவர் மாற்றப்பட்டார். ஹார்மோன்களிலும் கருவியலிலும் கால் நூற்றாண்டு உழைத்த ஒருவருக்குக் கண் மருத்துவ நிறுவனத்தில் செய்ய என்ன இருந்தது என்பது விளங்கவில்லை. ஆணை வந்து இரண்டு வாரங்களில், ஜூன் 19 அன்று, கல்கத்தாவில் தம் வீட்டில் இவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அப்போது வயது 50. இவரது மனைவி நமிதா பள்ளி ஆசிரியை ஆவார்.

கையெழுத்துக் குறிப்புகள்

1986 ஆகஸ்ட் 6 அன்று மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. மருத்துவர் இந்திரா இந்துஜாவும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த இனப்பெருக்க ஆய்வு நிறுவனத்தின் டி. சி. ஆனந்த குமாரும் இதற்குக் காரணமானவர்கள். முறையான பதிவுகளுடன் நிகழ்ந்த இப்பிறப்பு இந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை என அறிவிக்கப்பட்டது. பாடநூல்களும் பத்து ஆண்டுகள் அவ்வாறே கூறின.

1997 பிப்ரவரியில் ஆனந்த குமார் ஒரு மாநாட்டிற்காகக் கல்கத்தா வந்தார். சுனித் முகர்ஜி காத்துவைத்திருந்த முகோபாத்யாயின் கையெழுத்துக் குறிப்புகள் அப்போது அவரிடம் ஒப்படைக்கப்பட்டன. விசாரணைக் குழுவில் இல்லாத தகுதி ஆனந்த குமாருக்கு இருந்தது. அதே வேலையைத் தம் கையால் செய்து பார்த்தவர் அவர். எந்த இடத்தில் எது தவறும், எதைப் பொய்யாகப் புனைய முடியாது என்பதை அறிந்தவர். குறிப்புகளைப் படித்து, துர்காவின் குடும்பத்தாரிடமும் விசாரித்து, முகோபாத்யாயின் கூற்று உண்மையே என்னும் முடிவுக்கு வந்தார். 1997 ஏப்ரலில் கரன்ட் சயின்ஸ் இதழில் எழுதிய கட்டுரையில், இந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தையை உருவாக்கியவர் முகோபாத்யாயே என நிறுவினார். இதனால் தம் பெயருக்கு முன்னிருந்த முதல்வர் என்னும் அடைமொழி தாமே நீங்கும் என்பதை அறிந்தே அவர் இதனைச் செய்தார். அறிவியல் உலகில் அரிதாகவே காணப்படும் செயல் இது. ஆனந்த குமார் 2010 இல் காலமானார்.

துர்கா 2003 இல் தம் 25 ஆவது பிறந்தநாளையொட்டி முதன்முறையாகப் பொதுமக்கள் முன் தோன்றித் தம்மை வெளிப்படுத்திக்கொண்டார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2005 இல் வெளியிட்ட செயற்கைக் கருத்தரிப்பு மருத்துவமனைகளுக்கான வழிகாட்டு நெறிகளில் முகோபாத்யாயின் பணி குறிப்பிடப்பட்டது. 2007 இல் வெளிவந்த உலக மருத்துவ அறிஞர்களின் வாழ்க்கை அகராதியிலும் இவர் இடம்பெற்றார். எட்வர்ட்ஸ் 2010 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றார்.

தமிழ்நாட்டில் இம்முறை

தென்னிந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை 1990 இல் சென்னையில் மருத்துவர் கமலா செல்வராஜின் முயற்சியால் பிறந்தது. அதன்பின் இச்சிகிச்சை மாவட்டத் தலைநகரங்கள் வரை பரவியது. காவிரிப் படுகையிலும் தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி போன்ற நகரங்களில் கருத்தரிப்பு மையங்கள் தோன்றின.

மகப்பேறு வேண்டுவோர் நாடிச்செல்லும் தலங்கள் இப்பகுதியில் நெடுங்காலமாகவே உள்ளன. நாகப்பட்டினம் மாவட்டத்தின் கடற்கரை ஊரான வேளாங்கண்ணியில் ஆரோக்கிய அன்னை பேராலயத்துக்கு வரும் பிள்ளையில்லாதவர்கள் சிறு தொட்டில் கட்டி வேண்டிக்கொள்கின்றனர். கிறித்தவர் மட்டுமன்றி எல்லாச் சமயத்தாரும் இதனைச் செய்கின்றனர். தஞ்சாவூர் மாவட்டம் திருக்கருகாவூரில் கர்ப்பரட்சாம்பிகை சந்நிதியில் பூசித்த நெய்யைத் தம்பதியர் உண்கின்றனர். குழந்தை பிறந்தபின் நேர்த்திக்கடன் செலுத்த உறவினர் சூழ மீண்டும் வருவதும் வழக்கம். பலரும் காணத் தொட்டில் கட்டும் அதே குடும்பம், கருத்தரிப்பு மையத்துக்குச் செல்வதை உடன்பிறந்தாரிடமும் சொல்லத் தயங்குவதுண்டு. வேண்டுதல் ஊரறிய நடக்கிறது. சிகிச்சை மறைவில் நடக்கிறது. துர்காவின் பெற்றோர் 1978 இல் கொண்டிருந்த தயக்கம் அவர்களுக்கு மட்டும் உரியதன்று.

கொடை விந்தைப் பயன்படுத்தும்போது இத்தயக்கம் இன்னும் மிகுதியாகிறது. பிள்ளைப்பேறின்மைக்குப் பெண்ணையே குறை கூறும் வழக்கம் நம்மிடையே வலுவாக உள்ளது. ஆணிடமும் குறை இருக்கலாம் என்பதைச் சோதனை காட்டினாலும் ஒப்புக்கொள்ள ஆண்கள் தயங்குகின்றனர். விந்தில் உயிரணுவே இல்லாதபோதும், கடும் மரபுநோய் பிள்ளைக்குச் செல்லும் எனத் தெரியும்போதும் கொடை விந்து வழியாகிறது. சிகிச்சை எளியது. சூலகத்திலிருந்து முட்டை வெளிப்படும் நாளைக் கணித்து, தூய்மைப்படுத்திய விந்தணுக்களை மெல்லிய குழாய் மூலம் கருப்பையில் செலுத்துவர். தேவையானால் முகோபாத்யாய் செய்ததுபோல முட்டையை வெளியே எடுத்தும் கருவுறச் செய்வர். கொடை விந்து உடனே பயன்படுத்தப்படுவதில்லை. திரவ நைட்ரஜனில் உறையவைத்து, ஆறு மாதங்கள் கழித்துக் கொடையாளரின் இரத்தத்தை மீண்டும் சோதித்து, எச்.ஐ.வி. முதலிய தொற்று இல்லை என உறுதி செய்தபின்னரே வழங்க வேண்டும். தொற்று ஏற்பட்ட தொடக்க நாட்களில் சோதனையில் அது தென்படாமல் போகக்கூடும் என்பதே இக்காத்திருப்புக்குக் காரணம்.

இந்தியாவில் நெடுங்காலம் இதற்கெனச் சட்டம் இருக்கவில்லை. மேற்கூறிய 2005 ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் மட்டுமே இருந்தன. 2021 இல் செயற்கைக் கருத்தரிப்புத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இதன்படி 21 முதல் 55 வயது வரையுள்ள ஆண்களிடமிருந்து, பதிவு பெற்ற வங்கிகள் மட்டுமே விந்தைப் பெறலாம். ஒரு கொடையாளரின் விந்தை ஒன்றுக்கு மேற்பட்ட தம்பதியருக்கு வழங்கக் கூடாது. பிறக்கும் குழந்தை அத்தம்பதியரின் சொந்தக் குழந்தையாகவே கருதப்படும். கொடையாளருக்குக் குழந்தையின்மீது எந்த உரிமையும் இல்லை. மணமாகாத பெண்களும் கைம்பெண்களும் இச்சிகிச்சையைப் பெறச் சட்டம் இடமளிக்கிறது. வங்கிகளும் மருத்துவமனைகளும் பதிவேடுகளைப் பேண வேண்டும் என்பது சட்டத்தின் முக்கியமான கூறு. குடும்பத்தின் மறைவு காக்கப்படவும், அதே வேளையில் நடந்தது என்ன என்பதற்குச் சான்று இருக்கவும் பதிவேடு ஒன்றே வழி. 1978 இல் கல்கத்தாவில் அத்தகைய ஏற்பாடு எதுவும் இல்லை. ஒரு நண்பர் பாதுகாத்த கையெழுத்துத் தாள்களே இருந்தன.

திரைப்படம்

வங்காள எழுத்தாளர் ராமாபத சௌத்ரி, முகோபாத்யாயின் வாழ்க்கையைத் தழுவி அபிமன்யு என்னும் கதையை எழுதினார். இதனைத் தழுவித் தபன் சின்ஹா 1990 இல் ஏக் டாக்டர் கீ மவுத் என்னும் இந்தித் திரைப்படத்தை இயக்கினார். ஒரு மருத்துவரின் மரணம் என்பது இத்தலைப்பின் பொருள். பங்கஜ் கபூர், ஷபானா ஆஸ்மி ஆகியோர் முதன்மை வேடங்களில் நடித்தனர். பின்னாளில் புகழ்பெற்ற இர்பான் கானும் இதில் நடித்துள்ளார். படத்தில் மருத்துவர் கண்டுபிடிப்பது தொழுநோய்க்கான தடுப்பு மருந்து. கருத்தரிப்புச் சிகிச்சை நேரடியாகக் கதைக்கருவாக வைக்கப்படவில்லை. இப்படம் சிறந்த இயக்கம் உள்ளிட்ட தேசிய விருதுகளைப் பெற்றது.

விந்துக் கொடையை நேரடியாகக் கதைக்கருவாகக் கொண்ட தமிழ்த் திரைப்படம் தாராள பிரபு ஆகும். விக்கி டோனர் என்னும் 2012 ஆம் ஆண்டு இந்திப் படத்தின் மறுஆக்கமான இதில் ஹரிஷ் கல்யாணும் விவேக்கும் நடித்தனர். இப்படம் 2020 மார்ச்சில் வெளியானது.